உத்தரை மழையில் விதை, சுவாதி மழையில் நாற்று

வருஷா வருஷம் ஆவணி பிறந்தா எனக்கு ஒரு கேள்வி வந்துடும். "காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் எப்போ போடணும்?" ஷார்ஜாவுல ஒரு தோழி பால்கனியில நாலு தொட்டியை வச்சுக்கிட்டுக் கேக்கிறாங்க. மெல்போர்ன்ல அத்தை பையன் கேக்கிறான். நியூ ஜெர்சியில தம்பி பெண்டாட்டி கேக்கிறா. நான் என்னமோ தோட்டக்கலைத் துறையில இருக்கிற மாதிரி எல்லாருக்கும் நினைப்பு. நான் பி.காம். படிச்சுட்டு வங்கியில கடன் ஃபைல் புரட்டுறவ. மண்ணுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் பயிர்க்கடன் விண்ணப்பத்துல 'முங்காரு'ன்னும் 'ஹிங்காரு'ன்னும் ரெண்டு கட்டம் இருக்குமே, அதுல டிக் அடிக்கிறதோட சரி :-)

சரி, கேள்விக்கு வருவோம். இதுக்கு ஒரு மாசத்தோட பேரைப் பதிலா சொல்ல முடியாது. ஏன் முடியாதுன்னு எங்க வீட்டுல நடந்ததை வச்சே சொல்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். 2022 ஜூன்ல மாற்றல் உத்தரவு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு. அதே காவிரி, அதே மாதிரி ஆத்துக்கு நடுவுல ஒரு தீவு, அதே பள்ளிகொண்ட பெருமாள். இங்க இருக்கிறவர் ஆதிரங்கன், சிவசமுத்திரத்துல மத்தியரங்கன், எங்க ஊர்க்காரர் அந்தியரங்கன். அந்த வருஷம் தொடக்கத்துலதான் அப்பா போயிட்டாங்க. அம்மாவை ஒத்தையா விட மனசில்லாம கூட்டிட்டு வந்தேன். "தை பிறந்தா நான் ஊருக்குப் போயிடுவேன்"னு சொல்லித்தான் ரயில் ஏறினாங்க.

வீட்டுக்குப் பின்னாடி கால் கிரவுண்டு காலி இடம். வந்த மறு மாசம் ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு கேட்டு வளர்ந்தவங்க சும்மா இருப்பாங்களா? புடலை, பீர்க்கை, அவரை, கொத்தவரை எல்லாம் ஊன்றினாங்க. பேரனுக்கு காலிஃபிளவர்னா உயிர். அதனால அதையும் ஒரு பாத்தி விதைச்சாங்க. இத்தனைக்கும் அம்மா அதுக்கு முன்னாடி அதை வளர்த்ததே இல்லை. எங்க பக்கம் அதெல்லாம் 'இங்கிலீஷ் காய்கறி'. திவசச் சமையல்லயும் கோயில் மடப்பள்ளியிலயும் சேராது. ஊட்டியில இருந்து காந்தி மார்க்கெட்டுக்கு லாரியில வந்து இறங்கும், அவ்வளவுதான்.

புடலையும் அவரையும் நல்லா வந்துச்சு. காலிஃபிளவர் மட்டும் இடுப்புயரம் இலை விட்டுச்சு, பூ வைக்கலை. ரெண்டு செடியில சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்து பழுப்பாயிடுச்சு. மிச்சத்தைப் புழு தின்னுடுச்சு. அந்த வருஷம் ஆவணி, புரட்டாசியில இங்க கொட்டின மழைக்கு வேர் அழுகினது தனிக்கதை.

ஒரு பாத்தி காய் போனதுல என்ன வந்தது? சந்தையில வாங்கிக்கலாம். ஆனா அம்மா அதை அப்படி எடுத்துக்கலை. "இந்த மண்ணு என்னைச் சேர்த்துக்கலை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மண்வெட்டியைக் கழுவி உள்ள வச்சுட்டாங்க. எழுபது வயசுக்கு மேல, புருஷனும் இல்லாம, பாஷையும் தெரியாத ஊர்ல, கையில மிச்சம் இருந்தது 'எந்த மாசம் எது விதைக்கணும்'ங்கிற ஒரு கணக்குதான். அதுவும் செல்லாக்காசுன்னு ஆனா எப்படி இருக்கும்? அதுக்கப்புறம் நாலு மாசம் அம்மா கொல்லைப்பக்கமே போகலை. அப்போதான் நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல தெரிஞ்சுக்கிட்டது: எங்க ஊர் ஆடிப்பட்டம் எங்க ஊர் மழையை வச்சு வந்தது இல்லை. திருச்சியில ஆடியில பெரிசா மழை ஏது? குடகுல பெய்யிற தென்மேற்குப் பருவமழை கிருஷ்ணராஜசாகர் வந்து, மேட்டூர் வந்து, அம்மா மண்டபத்துப் படித்துறையை ஏறுறதுதான் எங்களுக்கு ஆடிப்பெருக்கு. எங்களுக்குச் சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில. அதே தண்ணி இங்கயும் ஓடுது, ஆனா மழையும் குளிரும் வேற. ஸ்ரீரங்கப்பட்டணம் கடல் மட்டத்துல இருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரம். எங்க ஊர் நூறு மீட்டர்கூட இல்லை.

ரெண்டாவது விஷயம்தான் முக்கியமானது. ஆடியில இங்க குளுகுளுன்னுதான் இருந்துச்சு. அம்மா சொன்னதுல தப்பே இல்லை. மைசூர் வட்டாரத்துல ஜூலை மாசப் பகல் வெயில் சராசரி 27, 28 டிகிரி. டிசம்பர்லயும் கிட்டத்தட்ட அதேதான்! அப்போ வித்தியாசம் எங்க? ராத்திரியில. ஜூலை ராத்திரி 20 டிகிரியை ஒட்டி நிக்கும். டிசம்பர், ஜனவரியில 16, 17க்கு இறங்கும். பகல் முழுக்க வெயில்ல சேர்த்ததை ராத்திரி செலவு பண்ணாம வேர்லயும் பூவுலயும் போட்டு வைக்கிறதுக்குக் கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் அந்தக் குளிர்ந்த ராத்திரி வேணும். காலிஃபிளவருக்கோ 'இனி இலை போதும், பூ வை'ங்கிற உத்தரவே குளிர்தான். ஆடி மாசம் மேகமூட்டமா இருக்கும். நமக்குச் சுகம், செடிக்கு வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. ஈரம் மட்டும் உண்டு. அது பூஞ்சைக்கும் புழுவுக்கும்தான் நல்ல காலம்.

மூணாவது, விதை. காலிஃபிளவர்னு ஒரே பேர்ல விக்கிறாங்களே தவிர, உள்ள மூணு நாலு ஜாதி இருக்கு. முன்பருவ வகை 20ல இருந்து 27 டிகிரியிலயே பூ வைக்கும். 'ஸ்னோபால்' மாதிரி பின்பருவ வகைக்கு 10ல இருந்து 16 வரைக்கும் வேணும். அது வடநாட்டு மார்கழிக்கும் மலைக்கும் ஆனது. எங்க வீட்டுப் பாக்கெட்டுல இருந்தது ஸ்னோபால். ஆடியில என்ன, மார்கழியிலயே இங்க அதுக்குக் குளிர் பத்தாது. விதை வாங்கும்போது படத்தைப் பார்க்காம வகைப் பேரைப் படிங்க.

இதையெல்லாம் அம்மாகிட்ட விலாவாரியா சொன்னேன். "ராத்திரிக் குளிரை எந்தப் பஞ்சாங்கத்துல பாக்கிறது?"ன்னு ஒரே கேள்வியில முடிச்சுட்டாங்க. நியாயம்தானே? வெப்பமானி வச்சா விவசாயம் பண்ணினாங்க?

பதில் பக்கத்து வீட்டுல இருந்து வந்துச்சு.

2023 செப்டம்பர். அந்த வருஷ மழை நிலவரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1901க்கு அப்புறம் நாட்டுல இவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லைன்னு வானிலைத் துறை சொல்லிச்சு. கர்நாடக அரசு 195 தாலுக்காவை வறட்சின்னு அறிவிச்சது. காவிரித் தண்ணி திறக்கிற விஷயத்துல மண்டியா பக்கம் தினமும் மறியல். 26ஆம் தேதி பெங்களூர் பந்த், 29ஆம் தேதி மாநிலம் முழுக்க பந்த். எங்க கிளையில ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்திருந்தோம். அம்மாகிட்ட "வெளியில தமிழ்ல சத்தமா பேசாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்திருந்தேன். பெத்த தாய்கிட்ட அதைச் சொல்றதுக்கு எப்படி இருந்துச்சுன்னு வெளியூர்ல இருக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, கொல்லையில அம்மாவும் பக்கத்து வீட்டு அஜ்ஜியும் ஆளுக்கொரு மணையில உக்காந்திருக்காங்க. நடுவுல ஒரு பழைய தகர டிரே, அதுல மண். அஜ்ஜி கஞ்சாம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் கன்னடம் பூஜ்யம். ஆனா பேச்சு ஓடிக்கிட்டிருக்கு! "உத்தரெ", "ஹஸ்த", "சித்தெ", "ஸ்வாதி"ன்னு அஜ்ஜி ஒவ்வொரு விரலா மடக்குறாங்க. அம்மா "உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதி"ன்னு பின்னாடியே சொல்றாங்க.

விஷயம் என்னன்னா, இங்க விவசாயிங்க மழையை மாசத்தால எண்ணுறதில்லை, நட்சத்திரத்தால எண்ணுறாங்க. சந்திரன் நிக்கிற நட்சத்திரம் இல்லை, சூரியன் நிக்கிற நட்சத்திரம். 365 நாளை 27ஆல வகுத்தா ஒண்ணுக்கு பதிமூணரை நாள். மகெ மழை, ஹுப்பெ மழை, உத்தரெ மழைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு. உத்தரெ செப்டம்பர் 13ஐ ஒட்டிப் பிறக்கும், ஹஸ்த 27, சித்தெ அக்டோபர் 10, ஸ்வாதி 24, விசாகா நவம்பர் 6. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

இது நமக்குப் புதுசா என்ன? நம்ம அக்னி நட்சத்திரம் என்னங்க, இதே கணக்குதானே! சூரியன் பரணி பின்பாதியில நுழைஞ்சு கார்த்திகையைத் தாண்டி ரோகிணி முதல் பாதம் முடிக்கிற வரைக்கும் கத்திரி வெயில். கேரளாவுல ஞாற்றுவேலைன்னு இதையே முழு வருஷத்துக்கும் வச்சிருக்காங்க. திருவாதிரை ஞாற்றுவேலையில மிளகுக் கொடி நடுவாங்க. நம்ம பக்கம் கத்திரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு மிச்சத்தை விட்டுட்டோம். அம்மா விடலை. அவங்க பெட்டியில இருந்த வாக்கியப் பஞ்சாங்கத்துல ஒவ்வொண்ணும் போட்டிருந்துச்சு.

ஒண்ணு கவனிச்சீங்களா? கன்னட மாசம் சந்திரனை வச்சு, நம்ம மாசம் சூரியனை வச்சு. அவங்க ஆஷாடமும் நம்ம ஆடியும் அதனாலதான் ஒட்டாது. அம்மாவும் அஜ்ஜியும் மாசப் பேரைச் சொல்லி எத்தனை நாள் பேசியிருந்தாலும் பிடிபட்டிருக்காது. நட்சத்திரம் ரெண்டு பேருக்கும் பொது. அன்னிக்கு ரெண்டு பேருமா சேர்ந்து எடுத்த முடிவு இதுதான்: உத்தரெ மழை முடியிறதுக்குள்ள நாத்து விடணும், சித்தெ மழை அடிச்சு ஓஞ்சதும் ஸ்வாதியில நடணும். நம்ம கணக்குல சொன்னா, புரட்டாசி முதல் வாரத்துல விதை, ஐப்பசி முதல் வாரம் தாண்டி நடவு.

நான் உள்ள போய் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் 24ல விதைச்சா அக்டோபர் 24ல நாத்துக்கு முப்பது நாள் வயசு. இங்க அக்டோபர் நல்ல மழை மாசம், அதுக்குள்ள பெருமழை ஒரு வழியா குறையும். நட்டு 60, 70 நாள்ல பூ. அதாவது சரியா டிசம்பர் கடைசி, ஜனவரி. ராத்திரி 16, 17 டிகிரி இருக்கிற வாரங்கள். முதிர்வுத் தேதியைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி எண்ணிப் போட்ட டெபாசிட் மாதிரி அச்சு அசலா உக்காந்துச்சு!

அந்த வருஷம் மழை இல்லாததால நாத்தங்கால் முழுக்க அரிசி கழுவின தண்ணியிலதான் பிழைச்சது. சாணி எரு அஜ்ஜி கொடுத்தது. நட்டது பதினெட்டு, பிழைச்சது பதினொண்ணு. பூ வச்ச உடனே மேல இருக்கிற இலைகளைக் கூட்டி வாழைநாரால கட்டச் சொன்னாங்க அஜ்ஜி, வெயில் பட்டா மஞ்சளாயிடுமாம். மார்கழி கடைசியில முதல் பூவை அறுத்தோம். இந்த ஊர்ல அதுக்குப் பேரு ஹூகோசு, முட்டைக்கோஸ் எலெகோசு, நூக்கோல் நவிலுகோசு. அம்மாவோட முதல் மூணு கன்னட வார்த்தை அதுதான். முதல் பூ அஜ்ஜி வீட்டுக்குப் போச்சு.

இப்போ நாலு பருவம் பார்த்தாச்சு. இங்க எங்களுக்குச் சரியா வர்ற கணக்கு இது:

காலிஃபிளவர், முட்டைக்கோஸ், நூக்கோல்: செப்டம்பர் மூணாம் வாரம் நாத்து, அக்டோபர் கடைசியில நடவு. நாத்தங்கால் மேட்டுப் பாத்தியாவோ டிரேயாவோ இருக்கணும், மேல மழை மறைப்பு வேணும். தண்ணி தேங்கினா நாத்தழுகல் வந்து ஒரே ராத்திரியில படுத்துடும். நூக்கோலைக் கொஞ்சம் பிந்தியும் போடலாம்.

கேரட், பீட்ரூட்: அக்டோபர் கடைசியில இருந்து நவம்பர் முழுக்க, நேரடியா பாத்தியில. கேரட்டைப் பிடுங்கி நடக்கூடாது. கல்லும் புது எருவும் இருந்தா கால் பிரிஞ்சு வரும். முளைக்கவே பத்துப் பதினாலு நாள் ஆகும், அதுக்குள்ள மேல்மண் காயக்கூடாது.

பட்டாணி: நவம்பர் முதல் வாரத்துக்குள்ள. பூக்கும்போது வெயில் 30 டிகிரி தாண்டினா பூ உதிர்ந்துடும். பிப்ரவரியில இங்க தாண்டிடும்.

முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக்: அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும், பதினஞ்சு நாளைக்கு ஒரு வரிசை. மொத்தமா போட்டா மொத்தமா வந்து ஊருக்கே கொடுக்கணும். முள்ளங்கிக்கு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட 'அர்கா நிஷாந்த்' சீக்கிரம் நெட்டி விழாம நிக்குது.

நாட்டு அவரை மட்டும் விதிவிலக்கு. அது பார்க்கிறது குளிரை இல்லை, பகலோட நீளத்தை. ஆடியில ராகியோட விதைச்சாலும் பகல் குறையக் குறையத்தான் பூக்கும். பனி விழுற மாசத்துல காய்க்கு ஒரு எண்ணெய் வாசனை வரும், இங்க அதைச் 'சொகடு'ங்கிறாங்க. கொட்டையை ஊறவச்சுப் பிதுக்கிக் குழம்பு. நம்ம வேலூர், தர்மபுரிப் பக்கத்துப் பிதுக்குப் பருப்புதான். ஆக, அம்மாவோட ஆடிப்பட்டம் இங்க பாதி செல்லும், பாதி செல்லாது.

இப்போ வெளிநாட்டு ஜனங்களுக்கு. ஊர்ல சொன்ன மாசத்தை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க, எண்ணுற முறையை மட்டும் எடுத்துட்டுப் போங்க. உங்க ஊர்ல ராத்திரி எப்போ இறங்குது, எப்போ ஏறுதுன்னு பாருங்க. அறுவடை அந்த வாரங்கள்ல விழணும். அங்க இருந்து பின்னாடி எண்ணுங்க. காலிஃபிளவருக்கு நாத்துக்கு முப்பது, பூவுக்கு எழுபது, மொத்தம் நூறு நாள். கேரட்டுக்குத் தொண்ணூறு, முள்ளங்கிக்கு நாப்பது.

ஷார்ஜா, துபாய்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல நாத்து, நவம்பர்ல நடவு. மெல்போர்ன்ல எல்லாம் தலைகீழ், மாசி பங்குனியில ஆரம்பிக்கணும். நியூ ஜெர்சி, டொராண்டோவுல பயம் வெயில் இல்லை, உறைபனி. முதல் உறைபனித் தேதியில இருந்து நூறு நாள் பின்னாடி எண்ணினா ஜூன் கடைசி, ஜூலையில வந்து நிக்கும். யாழ்ப்பாணத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மாரி மழை ஓயுறதை அவங்க பார்த்துக்குவாங்க. சிங்கப்பூர்ல ராத்திரி இறங்கவே இறங்காது. அங்க கங்கோங் கீரை போட்டுட்டு, முட்டைக்கோஸைக் கேமரன் மலைக்காரங்ககிட்ட விட்டுடுங்க :-)

இன்னொண்ணு. நட்சத்திரம் தேதியைத்தான் சொல்லும், மழைக்கு அது ஜாமீன் கையெழுத்துப் போடாது. 2023ல அத்தனை நட்சத்திரமும் நேரத்துக்கு வந்துச்சு, மழை வரலை. 2025ல ஜூன் மாசமே கிருஷ்ணராஜசாகர் நிரம்பி வழிஞ்சுச்சு. அதனால நாங்க ஒரே தடவையில எல்லாத்தையும் விதைக்கிறதில்லை. உத்தரையில பாதி, அஸ்தத்துல பாதி. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.

அம்மா சமையலறையில தனியா ஒரு அடையாளமும் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்குல உறையும். ஆடியில இங்க பாட்டில் சில நாள் லேசா கலங்கும், தெளிஞ்சுடும். கார்த்திகையில ஒரு நாள் காலையில கட்டியா நிக்கும். "அன்னிக்குச் செடி மண்ணுல வேர் பிடிச்சு நின்னிருக்கணும், அப்போ போய் விதை தேடினா பட்டம் போச்சு"ங்கிறாங்க. போன வருஷம் அஜ்ஜிக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தாங்க, கன்னடத்துல.

எனக்கு அடுத்த மாற்றல் எப்போன்னு தெரியாது. வழக்கமா உத்தரவு கோடையில வரும், அப்போ தோட்டம் காலியாத்தான் இருக்கும், அது ஒரு சௌகரியம். தை பிறந்தா ஊருக்குப் போறேன்னு அம்மா இன்னமும் சொல்றாங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் மார்கழி கடைசியில இன்னொரு வரிசை முள்ளங்கி போட்டுடுறாங்க. அது வர நாப்பது நாள் ஆகுமில்லையா? அதைப் பிடுங்கிட்டுத்தான் போகணுமாம்.

உங்க ஊர்ல ராத்திரி எப்போ இறங்குதுன்னு எழுதுங்க. அம்மாகிட்ட கேட்டு நட்சத்திரம் சொல்றேன்.